மாடியில் தண்ணீர் வைக்கப் போகிறீர்களா?

கத்திரி வெயில் வருமுன்பே குருவிக்கும் அணிலுக்கும் தேனீக்கும் மொட்டைமாடியில் தண்ணீர் வைக்கிற பழக்கம் பரவியிருக்கிறது. வைப்பது எளிது. ஒரு வாரம் கழித்து அந்தத் தட்டை எட்டிப் பார்த்தால் பாசி, எச்சம், நெளியும் கொசுப்புழு, ஓரமாக மிதக்கும் செத்த தேனீ என்று கிடக்கும். கழுவ நேரமில்லாதவர்கள் வைக்காமலே இருப்பது மேல்.

பறவைக்கு ஓரடி அகலத் தட்டு போதும். ஓரத்தில் ஒரு விரல் கனமும் நடுவில் 5 சென்டிமீட்டருக்கு மிகாமலும் தண்ணீர் நிற்க வேண்டும். அதைவிட ஆழமானால் சிட்டுக்குருவி குளிக்க இறங்காது. தவறி விழுந்த அணில் குட்டி ஏறி வராது. நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள். எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக்கும் வெயிலில் சுட்டுவிடும். மண்சட்டி தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டெங்கு கொசுவுக்கு மிகவும் பிடித்ததும் அந்தக் கரடுமுரடான, எப்போதும் ஈரம் கசியும் சுவர்தான். நிழல் கிடைக்கிற மாடி என்றால் வழவழப்பான பீங்கான் தட்டே நல்லது, தேய்த்தால் சுத்தமாகும். பூனை பதுங்கும் தொட்டி, மறைவு எதுவும் ஆறடிக்குள் இருக்கக் கூடாது.

தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டிவைக்கிறது. பார்வைக்கு அது கறுப்பு அழுக்குப் புள்ளி போலத்தான் இருக்கும். தட்டு காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு விளிம்புவரை புதுத் தண்ணீர் ஊற்றுகிறவர், முட்டைக்கு வேண்டியதைத்தான் செய்கிறார். நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, ஆகையால் உங்கள் தட்டில் பிறந்த கொசு உங்களையும் பக்கத்து வீட்டையும்தான் கடிக்கும். டார்ச் அடித்துப் பார்க்க வரும் டெங்கு ஒழிப்புப் பணியாளர் பறவைத் தட்டைக் கவிழ்க்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர் சொல்வது சரி.

ஆகவே தினமும் காலையில் தட்டைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரைச் சுடுகிற தரையிலோ காய்ந்த மண்ணிலோ கொட்டுங்கள். சாக்கடையில் கொட்டினால் புழு அங்கே போய் வளரும். வாரத்தில் இரண்டு நாள் தேங்காய் நாரால் உட்சுவரை, முக்கியமாக விளிம்பை ஒட்டிய பகுதியை, அழுத்தித் தேயுங்கள். நடுவிலிருக்கும் கல்லின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். தேய்த்தபின் ஒருமுறை கொதிக்கும் நீர் ஊற்றினால் முட்டையோடு எச்சத்திலிருந்து வரும் கிருமியும் போகும். புறாக்கள் கூடுகிற மாடியில் இது கட்டாயம். அவற்றின் தொண்டை நோய் தண்ணீர் வழியே மற்ற பறவைக்கும் தொற்றும். சோப்பு வேண்டாம்.

கழுவுவதற்கு மாற்றாக மருந்து தேடாதீர்கள். எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்டால் புழு சாகும், குளிக்க வரும் குருவியின் இறகும் ஒட்டிக்கொள்ளும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் வேறு இடத்துக்கான மருந்து. கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் மதியத்தைத் தாண்டாது.

தேனீக்குத் தனி இடம்

ஒரே தட்டு எல்லாவற்றுக்கும் என்றால் சில நாளில் தேனீ அதைப் பிடித்துக்கொள்ளும், பறவை ஒதுங்கிவிடும். கோடையில் கூட்டைக் குளிர்விக்கவும் தேனை நீர்க்கச் செய்து புழுக்களுக்கு ஊட்டவும் தேனீ தண்ணீர் சுமக்கிறது. இடம் தெரிந்த ஒன்று மற்றவற்றையும் கூட்டிவரும்; அதன்பின் கோடை முழுக்க அங்கேயேதான். வாசலிலிருந்தும் துணி காயும் கொடியிலிருந்தும் குறைந்தது இருபதடி தள்ளி முதலிலேயே வைத்துவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டியிருந்தால் தினம் இரண்டு மூன்றடியாக நகர்த்துங்கள். ஒரேயடியாக எடுத்தால் பழைய இடத்தையே சுற்றும். நடுக்கோடையில் சட்டென்று நிறுத்தினால் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் கல்லுக்குப் போய்விடும்.

தட்டில் ஜல்லி நிரப்பி வைக்கச் சொல்கிற யோசனை எங்கும் கிடைக்கிறது. தேனீ மூழ்காது, சரி. ஆனால் கல்லிடுக்கில் கொசுப்புழு ஒளிந்துகொள்ளும், ஒவ்வொரு கல்லாக யாரும் தேய்ப்பதில்லை. சரிவாகச் சாய்த்த ஓட்டுத் துண்டில் சணல் சாக்கைச் சுற்றி, ஊசித்துளை போட்ட ஒரு லிட்டர் பாட்டிலை அதன் மேலே சொட்டவிடுவதே சிறந்தது. தேனீ ஈரச் சாக்கில் உட்கார்ந்து உறிஞ்சும். தேங்கும் தண்ணீரே கிடையாது. சொட்டு வடியும் இடத்தில் குட்டை கட்டாமல் பூந்தொட்டி மண்ணில் இறங்கட்டும். முதல் சில நாள் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

நனைந்து தத்தளிக்கும் தேனீயை விரலால் தூக்காதீர்கள், கொட்டும். இலையை நீட்டி ஏற்றி, காற்றுப்படும் இடத்தில் விட்டால் போதும்.

சர்க்கரைத் தண்ணீர் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான அன்பு. வெவ்வேறு கூட்டுத் தேனீக்கள் அதற்காகச் சண்டையிட்டுச் சாகும், எறும்பு மொய்க்கும், மதியத்துக்குள் புளிக்கும். கடைத் தேனை நீர்க்க வைத்தால் இன்னும் ஆபத்து. தேனில் தேனீக்களின் நோய்க்கிருமி இருக்கலாம். தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட, தேனீப் புழுக்களைத் தாக்கும் சாக்புரூட் வகை வைரஸ் 1990களின் தொடக்கத்தில், பெட்டியில் வளர்க்கும் தென்னிந்திய அடுக்குத் தேனீக்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்போரிடம் கேட்டால் சொல்வார்கள். பறக்க முடியாமல் தரையில் கிடக்கும் ஒற்றைத் தேனீக்கு மட்டும், இரண்டு பங்கு சர்க்கரை ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஒரே ஒரு சொட்டை அதன் முன்னால் வைக்கலாம்.

இரண்டு நாளுக்கு மேல் ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். ஆளில்லை என்றால் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். முதல் நல்ல மழை பெய்த வாரமே எல்லாவற்றையும் தேய்த்துக் காயவைத்து உள்ளே எடுத்துவிடலாம்.