சூப்பர்விஷனுக்கு எந்தக் கேஸை எடுத்துப் போவது?

சூப்பர்விஷன் என்றதும், யாரோ தலைக்கு மேல் நின்று கணக்குக் கேட்பார்கள் என்றுதான் நானும் பயந்தேன். கவுன்சலிங்கில் அதற்கு அர்த்தமே வேறு. அனுபவமுள்ள இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து, என் வேலையை நானே பிரித்துப் பார்ப்பது. அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்குப் பிரிட்டனின் கவுன்சலர்கள் சங்கமான பிஏசிபி மாதம் ஒன்றரை மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. நானும் அதற்குக் குறைப்பதில்லை.

முதல் வருஷம் நல்லபடியாகப் போன கேஸ்களையே எடுத்துப் போனேன். பாராட்டு கிடைத்தது, வேறொன்றும் இல்லை. இப்போது டைரியைப் புரட்டும்போது எந்தப் பக்கத்தை விரல் அவசரமாகத் தாண்டுகிறதோ, அந்தக் கேஸ்தான். பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

முந்தின இரவே அரைப் பக்கம் எழுதுங்கள். “ஒத்துழைக்கவில்லை” என்பது தீர்ப்பு. “மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தார், நான் பேச்சை வேகமாக்கினேன்” என்பது நடந்தது. நடந்ததுதான் வேண்டும். அடியில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் உங்களைப் பற்றியது. என் கேள்வி ஒன்று: “அந்த அம்மா அழுதபோது நான் ஏன் தண்ணீர் எடுக்க எழுந்தேன்?”

அதை வாசித்ததும் சூப்பர்வைசர், “அவங்க தண்ணி கேட்டாங்களா?” என்றார். பிறகு பேசவே இல்லை. நான் எழுந்து ஃபேனைக் கூட்டினேன். “இப்ப எனக்கும் தண்ணி எடுக்கப் போறீங்களா?” என்று சிரித்தார். சிகிச்சை அறையில் நடப்பது சூப்பர்விஷனிலும் வந்து நிற்கும் என்று அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹரால்ட் சியர்ல்ஸ் 1955லேயே எழுதியிருக்கிறார். படித்தது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவரே சூப்பர்வைசர் என்றால் வாய் திறக்காது. வேறு ஆள் கேளுங்கள். கிடைக்காவிட்டால், எது ஃபைலில் ஏறும், எது ஏறாது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் ரகசியம் எந்த அளவுக்கு நிற்கும் என்பதையும்.

பிரிட்டனில் கவுன்சலர்களுக்குப் பயிற்சி தந்த பிரிஜிட் பிராக்டர் சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை சொன்னார்: நெறி தவறாமல் பார்ப்பது, கற்றுக்கொள்வது, பாரத்தை இறக்கி வைப்பது. மூன்றாவதைக் கேட்க எனக்கு வெட்கம். தூக்கம் கெட்ட பிறகுதான் கேட்டேன். நீங்கள் அவ்வளவு காத்திருக்காதீர்கள்.

வெளியே வந்ததும், வண்டியை எடுப்பதற்கு முன், அடுத்த முறை மாற்றிச் செய்யப்போகும் ஒன்றை மட்டும் எழுதுங்கள். நான் எழுதியது: “கையை மடியில் வை.” அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி அழுதார். வைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, போன தடவை விட்ட இடத்திலிருந்து அவரே பேச ஆரம்பித்தார்.