போலந்து விருந்து மேசை: ஹெர்ரிங் மீனைக் கெடுக்காதீர்கள்

கிராக்கூவில் வீட்டு விருந்துகளுக்கு ஸகொன்ஸ்கி செய்து கொடுப்பது என் தொழில். நடுமேசையில் தட்டு தட்டாக வைத்து, ரொட்டியோடும் வோட்காவோடும் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் சின்னச் சின்னப் பதார்த்தங்கள் அவை. டிசம்பர் நெருங்கினால் உதவிக்குப் புதிதாகச் சிலர் வருவார்கள். வந்தவுடன், ஆரம்பத்தில் என் கையால் கெட்டதையெல்லாம் வரிசை மாறாமல் கெடுப்பார்கள். முட்டை கூடுதலாக வெந்துவிடுவது, ரொட்டியை முன்கூட்டியே வெட்டிக் காயவிடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

உப்பு ஹெர்ரிங்கை அவசரமாக ஊறவைப்பது

இது மட்டும் இன்றும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. மற்றவை கெட்டால் அந்த ஒரு தட்டோடு போய்விடும். இது கெட்டால் மீன், எண்ணெய், வெங்காயம், இரண்டு நாள் காத்திருப்பு எல்லாமே வீண். அதோடு கெட்டுப்போனது விருந்தாளி வாயில் வைக்கும்போதுதான் தெரியவரும்.

போலந்தில் ஹெர்ரிங் இல்லாத விருந்து மேசையைப் பார்ப்பது அரிது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கறி கிடையாது என்பதால் அன்று இதற்குத்தான் முதல் மரியாதை. வாங்குவது உப்பில் பதப்படுத்திய மீன். கருவாட்டை ஊறவைத்துக் கழுவாமல் குழம்பில் போடுவீர்களா? அதே நியாயம்தான் இதற்கும். ஆனால் குழம்பிலாவது தண்ணீர் விட்டு உப்பைக் குறைக்கலாம். இந்த மீனை அடுப்பில் வைப்பதே இல்லை. எண்ணெயில் மூழ்கிய பிறகு உள்ளே இருக்கும் உப்பு வெளியே வராது.

முள்ளோடு இருக்கும் முழு உப்பு மீனுக்குக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். நடுவில் சில தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் மிதக்கும் துண்டு மீன் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே உப்பு இறங்கிவிடும். கடைசியில் கொஞ்ச நேரம் பாலில் போட்டு வைப்பவர்களும் உண்டு, வாடை மட்டுப்படும். கடிகாரத்தை நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் சதை தடித்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். வால் பக்கம் மெல்லியது, சீக்கிரம் உப்பு இறங்கி ஏமாற்றும். உப்பு தெரிய வேண்டும், தண்ணீர் தேடக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் சதை சொதசொதவென்று ஆகிவிடும்.

ஒரு பெயர் நாள் விருந்து, அதாவது ஒருவர் தன் பெயருக்குரிய புனிதரின் நாளில் கொடுப்பது. முந்தின ராத்திரி ஊறவைக்கச் சொல்லியிருந்த பையன் மறந்துவிட்டு, காலையில் வெந்நீரை ஊற்றியிருக்கிறான். வெந்நீர் உப்பைச் சீக்கிரம் இழுத்துவிடும் என்பது அவன் கணக்கு. மேல்சதை வெளுத்து மாவாகிவிட்டது, நடுச்சதையில் உப்பு அப்படியே இருந்தது. அதன் மேல் எண்ணெயையும் ஊற்றி மூடியும் போட்டுவிட்டான். மாலையில் அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். “ரொம்ப நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ரொட்டி கிடைக்குமா?” என்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் ரொட்டி. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பே வரவில்லை.

ஊறியபின் துணியிலோ காகிதத்திலோ ஒற்றி ஈரத்தை முழுதாக எடுங்கள். இதைச் செய்யாமல் ஜாடியில் போட்டால் அடியில் தண்ணீர் தேங்கி எண்ணெய் கலங்கிவிடும். வெங்காயத்தை மெல்லிய வளையமாக வெட்டிக் கொதிநீர் ஊற்றி உடனே வடித்தால் காரம் போகும். மீன், வெங்காயம், ஆல்ஸ்பைஸ், பிரிஞ்சி இலை, மிளகு என்று அடுக்கி, எல்லாம் மூழ்கும்படி ரேப்சீட் எண்ணெய் ஊற்றி, குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஊற்றினால் ருசி தனி, ஆனால் அது சீக்கிரம் கசக்கும், சின்ன ஜாடியில் போடுங்கள். புளித்த கிரீமும் ஆப்பிளும் சேர்க்கும் வகை வேறு. அதில் கிரீமை விருந்துக்குச் சில மணி நேரம் முன்புதான் கலக்க வேண்டும். எதிலும் மேலே உப்புப் போடக் கூடாது. சொல்லவே வேண்டாத விஷயம், ஆனால் போடுகிறார்கள்.

பச்சை ஹெர்ரிங் மலிவாகக் கிடைத்தது என்று அதை நேரே எண்ணெயில் போட்டு ஊறவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஹெர்ரிங்கில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கக்கூடும். சமைக்காமல் சாப்பிடக் கொடுக்கும் மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இதெல்லாம் எதற்கு? பதப்படுத்திய உப்பு மீனையே வாங்குங்கள்.

சூட்டோடு மயோனைஸ்

உருளைக்கிழங்கு, கேரட், பார்ஸ்லி வேர், செலரி வேர், பட்டாணி, முட்டை, புளிக்கவைத்த வெள்ளரி எல்லாம் சேர்ந்த காய்கறி சாலட் இங்கே எந்த வீட்டு மேசையிலும் இருக்கும். காயைத் தோலோடு வேகவைத்து, நன்றாக ஆறிய பின்தான் பட்டாணி அளவுக்கு வெட்ட வேண்டும். சூட்டில் கலந்தால் மயோனைஸ் இளகி, அடியில் நீர் கோத்துக்கொள்ளும். வெள்ளரியைப் பிழிந்து போடுங்கள். எந்த மயோனைஸ் என்று கேட்டால் போலந்து வீடுகளில் சண்டை வரும். கீல்ட்ஸே நகரில் 1959 முதல் தயாராகும் மயோனைஸ் கொஞ்சம் காரசாரமாக இருக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

வினிகரை ஊற்றும் முன் புட்டியைப் படியுங்கள்

இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீத வினிகர். வேறு நாட்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு அதே அளவில் ஊற்றினால் தொண்டை எரியும். 5 சதவீதத்துக்கு எழுதிய குறிப்பென்றால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

தாத்தார்

பச்சை மாட்டிறைச்சி. கடையில் அரைத்து வைத்த கறியில் செய்யவே செய்யாதீர்கள்.

பன்றிக்கொழுப்பு ஸ்மாலெட்ஸ்

வெங்காயத்தைக் கொழுப்போடு முதலிலேயே போட்டால், கொழுப்பு உருகி மொறுமொறு துண்டுகள் ஆவதற்குள் அது கருகிக் கசந்துவிடும். துண்டுகள் பொன்னிறமாகும்போது வெங்காயம், அப்புறம் ஆப்பிள், கடைசியில் மார்ஜொரம் என்ற வாசனை இலை. இது ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது, குளிர்பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து வைத்தால் ரொட்டிதான் கிழியும். பக்கத்தில் உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரி வேண்டும், வினிகரில் போட்ட இனிப்பு வெள்ளரி இதற்குச் சேராது.

எல்லாப் புகைச் சீஸும் ஓஸ்ட்சிபெக் இல்லை

மலையூரான ஸகோபானேயின் தெருக்களில் பழுப்பாக, நூல் நூற்கும் கதிர் வடிவில் எதைப் பார்த்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 2008-இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புப் பெற்ற ஓஸ்ட்சிபெக்கில் செம்மறிப் பால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். ஆடுகள் மலையில் மேயும் மாதங்களில்தான் அது தயாராகும். பிப்ரவரியில் “இன்று காலை செய்தது” என்று சொன்னால் பசும்பால் சீஸ்தான். அதுவும் ருசிதான், ஆனால் ஓஸ்ட்சிபெக் விலை கொடுக்காதீர்கள். வாட்டும்போது ஒரு விரல் தடிமனில் வெட்டி, மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கிரான்பெரி ஜாமைத் தனியாக வையுங்கள். சீஸ் ஆறினால் ரப்பர் போலாகிவிடும் என்பதால் விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகே அடுப்பில் போடுங்கள்.