வண்ணத்துப்பூச்சி வலசை: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமிருந்து நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிக் கிளம்பும். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது அங்கிருந்து கிழக்கே வரும்.

ஆற்றோர ஈரமணலில் மொய்க்கும் கூட்டத்தையும் வலசை என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு. அங்கே பெரும்பாலும் ஆண்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வலசை போகிறவை ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். குறுக்கே வீடு வந்தால் கூரைமேல் ஏறி இறங்கி அதே திசையைப் பிடிக்கும். போன பூச்சியேதான் திரும்பி வரும் என்பதும் தப்புக்கணக்கு. பறவையைப் போல ஆண்டுக்கணக்கில் போய்வர அதற்கு ஆயுள் கிடையாது. பெரும்பாலும் திரும்புவது அடுத்த தலைமுறை.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது புதர் வெட்டுவதுதான். 'சுத்தம்' செய்கிறோம் என்று சாலையோரக் கிலுகிலுப்பைச் செடியை வழித்துவிடுகிறார்கள். வாடிய தண்டிலும் இலையிலும் இந்த ஆண்பூச்சிகள் காலால் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். அதிலுள்ள ஆல்கலாய்டு என்ற கசப்பு வேதிப்பொருள் இல்லாமல் பெண்பூச்சியைக் கவரும் மணத்தை அவற்றால் சரியாகத் தயாரிக்க முடியாது. பறவைகளுக்குக் கசப்பதற்கும் அதுவே உதவுகிறது. தேள்கொடுக்குச் செடி, காய்ந்துபோனாலும் இதே வேலையைச் செய்யும். ஆகவே காய்ந்த செடிதானே என்று பிடுங்காதீர்கள். வரியன்களின் புழு தின்னும் கொடிப்பாலையையும் வேலியில் விட்டுவையுங்கள்.

அப்புறம் இந்த வீடியோ மோகம். கூட்டமாக அடைந்திருக்கும் கிளையை உலுக்கினால் நமக்கு அரை நிமிடக் காட்சி கிடைக்கும், பூச்சிக்கோ பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகும். கிட்டே போகாமல் நின்று பாருங்கள்.

பதிவு செய்பவர்கள் 'ஆயிரக்கணக்கில் பறந்தன' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடந்தன, எந்தத் திசைக்கு என்று குறியுங்கள். திசையை ஊகிக்காமல் கைப்பேசித் திசைகாட்டியைப் பாருங்கள். எதிர்த்திசையில் போனவற்றையும் தனியாக எண்ண வேண்டும். பறக்கும்போது நீல வரியனையும் கருநீல வரியனையும் பிரித்தறிவது கஷ்டம். சந்தேகம் வந்தால் 'வரியன்' என்று மட்டும் எழுதினால் போதும்.

மேட்டுப்பாளையம் பக்கத்துக் கல்லாறு மாதிரி மலையடிவாரச் சாலைகளில், வெயில் ஏறியபின் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். முன்கண்ணாடியில் அடிபட்டுச் சாவது நிறைய.