பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் தேடி எடுப்பது எப்படி?

உள்ளே போனதும் இறாக்கைப் பக்கம் நடக்காதீர்கள். முதலில் கணினிப் பட்டியலில் தேடி மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பகுப்பிலக்கம் (இறாக்கையில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்), புத்தகம் இருக்கும் பகுதி, அது இப்போது உள்ளதா அல்லது இரவலில் போயிருக்கிறதா என்பது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பிரதான நூலகத்தோடு விஞ்ஞான, மருத்துவ பீடங்களுக்குத் தனி நூலகங்களும் உண்டு. பிரதி எதில் இருக்கிறது என்று பார்க்காவிட்டால் வீண் அலைச்சல்தான்.

தமிழ்ப் புத்தகம் தேடும்போதுதான் சிக்கல் கூட. சில பதிவுகள் தமிழ் எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதே தலைப்பை ஆங்கில எழுத்தில் பெயர்த்திருப்பார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள். பேராசிரியர் சிவத்தம்பியின் பெயர் ஆங்கிலத்தில் y எழுத்திலும் முடியும், i எழுத்திலும் முடியும். பல பட்டியல்களில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் சேர்ந்து வரும். பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளை (இனிஷியல்) அடிக்காதீர்கள், புள்ளியும் இடைவெளியும் மாறினாலே ‘முடிவுகள் இல்லை’ என்று வந்துவிடும்.

இனி இலக்கத்தை வாசிக்கும் முறை. நம் நாட்டு நூலகங்களில் பெரும்பாலும் தூயி தசமப் பகுப்புத்தான், அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் முறை. புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாக எண்ணுவதுதான் புதியவர்கள் விடும் பெரிய பிழை. 338.19 முதலில் வரும், 338.9 பிறகுதான். பத்தொன்பது ஒன்பதை விடப் பெரிது என்று நினைத்தால் தவறான பக்கத்தில் நிற்பீர்கள். ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்: 1, 9க்கு முன்னால், அவ்வளவுதான். இரண்டு புத்தகங்களுக்கு ஒரே இலக்கம் இருந்தால் புத்தக முதுகில் அதற்குக் கீழேயுள்ள எழுத்துகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் தொடக்கம். தமிழ் மொழி, இலக்கணம் 494.811இலும், தமிழ் இலக்கியம் 894.811இலும் இருப்பதால் தமிழ் படிப்பவர்கள் இரண்டு மூலைக்கும் நடக்கத்தான் வேண்டும். இலங்கை வரலாறு 954.93.

‘உள்ளது’ என்று பட்டியல் சொல்லியும் இடத்தில் இல்லையா? மேல் தட்டு, கீழ்த் தட்டு, அடுக்கக் காத்திருக்கும் தள்ளுவண்டி, வாசிப்பு மேசைகள், போட்டோகொப்பி எடுக்கும் இடம் என்று பார்த்துவிட்டு இலக்கத்தோடு கருமபீடத்தில் கேளுங்கள். வாசித்து முடித்ததை நீங்களே இறாக்கையில் செருகாமல் மேசையிலேயே விடுங்கள். இடம் மாறிய புத்தகம் தொலைந்ததற்குச் சமன். சோதனை நெருங்கும்போது வேண்டுமென்றே ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

உசாத்துணை நூல்கள் வெளியே போகா. விரிவுரையாளர்கள் வாசிக்கச் சொல்லும் நூல்களின் ஒரு பிரதியைப் பல நூலகங்கள் குறுகிய கால இரவலுக்கென்றே ஒதுக்கி வைக்கும். மாலையில் எடுத்தால் மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். இவற்றுக்குத் தண்டப்பணம் சாதாரண இரவலை விடக் கூடுதலாக இருக்கலாம், திகதியைப் பார்த்தே எடுங்கள்.

அங்கே கிடைக்காத ஈழத்துப் பழைய நூல், சஞ்சிகை என்றால் முதலில் இணையத்தில் உள்ள ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைப் பாருங்கள், இலவசம். பழைய பத்திரிகைகளுக்கு, பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. அடையாள அட்டையோடு துறைத் தலைவரின் கடிதம் ஒன்றையும் கொண்டுபோனால் வாசலில் திரும்பி வர வேண்டியிராது.