அரை மணி என்றால் அரை மணி

என் மகளுக்கு 26 வயது. காலையில் "நீதான்மா எனக்கு எல்லாம்" என்பாள். சாயங்காலம் ஒரு போனை எடுக்கத் தவறினால் தட்டு பறக்கும். திமிர் என்றுதான் நினைத்தேன். உணர்ச்சிகள் சட்டென்று தலைகீழாக மாறும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறாக இருக்கலாம் என்றார் மனநல மருத்துவர். மாத்திரையைவிட, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் டிபிடி போன்ற பேச்சு சிகிச்சைதான் முக்கியமாம். அவள் வர மறுத்தாள். சரி, அவளிடம் எப்படிப் பேசுவது என்று நானே போய்க் கற்றுக்கொண்டேன்.

இப்போது அவள் கத்தினால் நியாயம் பேசுவதில்லை. "நான் போன் எடுக்காதது உனக்கு வலிச்சிருக்கு" என்பேன். அப்புறமும் திட்டினால், "மாடிக்குப் போறேன், அரை மணியில் வரேன்" என்று சொல்லி, சொன்னபடி இறங்குவேன். தாமதித்தால் கைவிட்டதாகவே அவளுக்குப் படும். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் நகரமாட்டேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

போன வாரம், காட்பாடி வெயிலில் காய்ந்து இன்னும் சூடு இறங்காத மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். கீழிருந்து குரல்: "இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா. டீ போடவா?"