மன்சி கியர்பாக்ஸில் அடித்திருக்கும் எண்ணைப் படிப்பது எப்படி?

பழைய கமாரோவுக்கு (ஷெவர்லேயின் கார்) மன்சி கியர்பாக்ஸ் தேடினால், 'இது எம்22, ராக் க்ரஷர்' என்று எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். மன்சியில் எம்20, எம்21, எம்22 என்று வகைகள் உண்டு. எண் இருப்பது வெளிக்கூட்டில். உள்ளே பல்சக்கரங்களை யார் எப்போது மாற்றினார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் எண்ணையும் படியுங்கள், கடைசியில் கையாலும் சுற்றிப் பாருங்கள்.

1. மன்சிதானா?
ஜெனரல் மோட்டார்ஸ் இண்டியானாவின் மன்சி நகரில் 1963 முதல் 1974 வரை செய்த நாலு ஸ்பீடு பெட்டி இது. பக்கவாட்டு மூடியில் 7 போல்ட், ரிவர்ஸ் லீவர் தனியாகப் பின்னால் வால் பகுதியில். 9 போல்ட் என்றால் போர்க் வார்னர் கம்பெனியின் டி-10 பெட்டி. மூன்று லீவரும் மூடியிலேயே இருந்தால் சாகினா என்ற வேறு பெட்டி.

2. சுத்தம்
கூடு அலுமினியம், மென்மையானது. கம்பி பிரஷ், கிரைண்டர் வேண்டவே வேண்டாம், எண் அழிந்துவிடும். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும். அப்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கலான எழுத்தும் நிழலில் தெரியும்.

3. வார்ப்பு எண்
கூட்டில் புடைத்து நிற்கும் பெரிய எண். 3851325 என்றால் 1964-65, 3885010 என்றால் 1966-67. 3925660 வந்தது 1968 முதல், 3925661 இன்னும் பிந்தியது.

4. அடித்த எண்
இதுதான் தேதி. உதாரணமாக பி9கே14ஏ. முதல் எழுத்து (பேப்பரின் 'பி') மன்சி ஆலை, 9 என்பது 1969, கே ஜூலை, 14 தேதி. கடைசி எழுத்து 1969 மாடலிலிருந்து வருவது: ஏ என்றால் எம்20, அடுத்த எழுத்து எம்21, சி என்றால் எம்22. 1967-க்கு முந்தைய பெட்டிகளில் இந்த முறை கிடையாது.

மாத எழுத்துகள் ஜனவரி முதல் மே வரை ஆங்கில அகரவரிசைப்படி போகும், அதன்பின் தாவும். ஜூன் எச், ஜூலை கே, ஆகஸ்ட் எம், செப்டம்பர் பி, அக்டோபர் ஆர், நவம்பர் எஸ், டிசம்பர் டி. தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை: பிப்ரவரியும் 'பி', செப்டம்பரும் 'பி'. பஸ்ஸின் முதல் எழுத்து பிப்ரவரி, பேப்பரின் முதல் எழுத்து செப்டம்பர். அதேபோல டோரின் 'டி' ஏப்ரல், டீயின் 'டி' டிசம்பர்.

5. காரின் எண்
1968 பெட்டியில் 18என், பிறகு ஆறு இலக்கம் என்று இருக்கலாம்: 1 ஷெவர்லே, 8 ஆண்டு, என் என்பது நார்வுட் ஆலை, மீதி காரின் வரிசை எண். அது உங்கள் காரோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். மாற்றுப் பெட்டியாகக் கடையில் விற்றதில் பொதுவாக இந்த எண் இருக்காது. காலியாக இருந்தால் போலி என்று அர்த்தமில்லை, ஆனால் 'காரோடு பிறந்த பெட்டி' என்ற விலையும் கொடுக்காதீர்கள். புதிதாக அடித்தது போல் பளபளத்தால்தான் சந்தேகம்.

6. சுற்றிப் பாருங்கள்
முதல் கியரில் போட்டு, முன் தண்டிலும் பின் தண்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். பின் தண்டு சரியாக 5 சுற்று சுற்றும்வரை முன் தண்டைத் திருப்பி எண்ணுங்கள். பன்னிரண்டரைக்குச் சற்று மேல் வந்தால் எம்20 (விகிதம் 2.52). சரியாக 11 என்றால் 2.20, அது எம்21 அல்லது எம்22. இந்த இரண்டையும் சுற்றிப் பிரிக்க முடியாது. மூடியைக் கழற்றித்தான் ஆகவேண்டும்: எம்22-வின் பற்களில் சாய்வு குறைவு, கிட்டத்தட்ட நேராக நிற்கும், அந்த இரைச்சலும் ராக் க்ரஷர் என்ற பெயரும் அதனால்தான். மூடியைத் திறக்க விற்பவர் மறுத்தால் எம்21 விலைக்கு மேல் பேசாதீர்கள்.