கமோகி பருவத்தை டர்பனிலிருந்து தொடர ஒரு கணக்கு நோட்டு

மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்துப் பெண்களின் ஆட்டமான கமோகியின் சாம்பியன்ஷிப்பைப் புதிதாகப் பார்ப்பவர்களை முதலில் குழப்புவது ஸ்கோர்தான். 1-16 என்றால் கால்பந்துக்குப் பழகிய கண் 'ஒன்றுக்குப் பதினாறு' என்று படித்துவிடும். அது ஓர் அணியின் ஸ்கோர் மட்டுமே: 1 கோல், 16 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மதிப்பு 3. மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் 1. ஆக மொத்தம் 19. அணிகள் கவுண்டி (மாவட்டம்) பெயரில் ஆடும். 2024 இறுதியாட்டத்தில் கார்க் 1-16, கால்வே 0-16. அந்த ஒரு கோல்தான் கார்க்குக்குச் சாம்பியன் பரிசான ஓ'டஃபி கோப்பையை வாங்கித் தந்தது. மறு வருடம் கால்வே 1-14, கார்க் 1-13. அதாவது 17க்கு 16.

ஆட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் நெடுக்காக ஒரு கோடு, அணிக்கு ஒரு பாதி. குறுக்கே ஒரு கோடு, முதல் 30 நிமிடத்துக்கும் அடுத்த 30 நிமிடத்துக்கும். புள்ளிக்கு ஒரு குச்சி, கோலுக்கு 'கோ'. கம்பத்தருகே நிற்கும் நடுவர் பச்சைக் கொடி காட்டினால் கோல், வெள்ளை என்றால் புள்ளி. வர்ணனை புரியாவிட்டாலும் இது போதும். ஃப்ரீயில், அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் அடியில், வந்த புள்ளியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தடுக்கும் அணியின் மட்டையில் பட்டுப் பந்து கடைக்கோட்டைத் தாண்டினால் 45 மீட்டரிலிருந்து அடிப்பார்கள். அதில் புள்ளி விழுந்தால் '45' என்று எழுதுங்கள்.

வட்டம்தான் இந்த நோட்டின் உயிர். ஓர் அணியின் குச்சிகளில் பாதிக்கு மேல் வட்டத்துக்குள் இருந்தால், அது எதிராளியின் ஃபவுலை நம்பி வாழ்கிறது என்று பொருள். அடக்கமாக ஆடும் அணியிடம் அது திணறும்.

ஆட்டம் நடக்கும்போது கூட்டவே கூடாது. புள்ளி விழுந்த கையோடு கோல்கீப்பர் பந்தை நெடுந்தூரம் அடித்துவிடுவார். நீங்கள் மூன்றால் பெருக்கி நிமிர்வதற்குள் அடுத்த குச்சி தப்பிவிடும். இடைவேளையில் கூட்டிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் ஏற்றுபவர்கள் கவனிக்க: 1-16 என்று அடித்தால் எக்செல் அதை ஜனவரி 16 ஆக்கிவிடும். கோலுக்கு ஒரு பத்தி, புள்ளிக்கு ஒரு பத்தி என்று பிரித்து, மூன்றாவதில் மொத்தம், நான்காவதில் வித்தியாசம் வையுங்கள்.

நேரம் எளிது. சாம்பியன்ஷிப் நடக்கும் மாதங்களில் அயர்லாந்து நமக்கு 1 மணி நேரம் பின்னால். அங்கே மாலை 5 என்றால் இங்கே 6. சாம்பியன்ஷிப்பிலிருந்து தனியான லீக் போட்டியின் பிப்ரவரி ஆட்டங்களுக்கு அது 2 மணி நேரம். அரையிறுதி ஜூலைக் கடைசியிலும், டப்ளின் குரோக் பார்க்கில் இறுதி ஆகஸ்டிலும் வருவதால், ஆடிக் கூழ் ஊற்றும் வாரக்கடைசிகளோடு மோதும். கோயில் வேலை மதியத்தோடு முடிந்தால் கவலையில்லை.

பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. கார்க், கால்வே போன்ற பெரிய கவுண்டிகள் கீழ்நிலைப் போட்டிகளுக்கு இரண்டாம் அணியையும் அனுப்பும். முடிவுகளில் அதே பெயர்தான் இருக்கும். சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் இறுதிகள் மூன்றும் ஒரே நாளில் வருவதால், பக்கத்தின் தலையில் எந்த நிலை என்பதை முதலில் எழுதிவிட்டுப் பேனாவைத் திறங்கள். லீக் கணக்குக்கு வேறு நோட்டு.